ஃபெண்டர் ட்வின் கிட்டார் ஆம்ப்புல ரெண்டு 12 இன்ச் ஸ்பீக்கரை எடுத்துட்டு ஒரே ஒரு 15 போட்டேன், எட்டு மாசம் வாசிச்சப்புறம் எழுதுறேன்

15 இன்ச் போட்டா பேஸ் ஜாஸ்தி வரும்னு நினைச்சு இந்த வேலையில இறங்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சு ஆரம்பிச்சேன், ஆனா இதோட பலன் வேற இடத்துல இருக்கு, மேல்கம்பியில. பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு மூணாவது கம்பின்னா என்னன்னு தெரியும், தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பின்னாடியிருந்து வர்றேன், பொறுமையா படிங்க.

நான் இருக்கிறது டெக்சாஸ்ல, ஆஸ்டின். இங்க சவுத் லாமர் ரோட்ல ப்ரோக்கன் ஸ்போக்னு ஒரு டான்ஸ் ஹால் இருக்கு, 1964லேர்ந்து இருக்கு, தாழ்வான சீலிங், ஜோடி ஜோடியா வட்டம் சுத்தி ஆடுவாங்க. ஆபீஸ் நண்பர்களோட அங்க போனப்பதான் முதல்தடவை பெடல் ஸ்டீலை பக்கத்துல நின்னு கேட்டேன். நம்ம ஊர் கோட்டுவாத்தியம் கேட்டவங்களுக்கு டக்குனு பிடிபடும், விரலால அமுக்காம கம்பி மேல ஒரு கட்டையை வழுக்கிக்கிட்டே போறது, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல இருக்கிற இடமெல்லாம் வாசிக்கக் கிடைக்கிறது. இங்க கட்டைக்குப் பதிலா கனமான இரும்பு பார், பத்து கம்பி, கீழ காலால மிதிக்கிற பெடல், முழங்காலால தள்ளுற லீவர், மிதிச்சா குறிப்பிட்ட கம்பி மட்டும் சுருதி ஏறும். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல. ஆறு வருஷமாச்சு, இப்ப ஒரு சின்ன பேண்ட்ல மாசத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி வாசிக்கிறேன்.

என் ஆம்ப் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 69 மாடல், வெள்ளி முகப்பு வச்சது, சில்வர்ஃபேஸ்ம்பாங்க, 85 வாட், நாலு 6எல்6 டியூப், பழைய ரேடியோவுல இருக்கிற வால்வு மாதிரி. ஸ்டீலுக்கு இந்த ஆம்ப் ஏன் ஒத்துவருதுன்னா கிளீனா நிக்கும். சாதா கிட்டார்காரங்க ஆம்ப்பை கொஞ்சம் உடைய விட்டு அந்த கரகரப்பை ரசிப்பாங்க, நமக்கு அது ஆகவே ஆகாது. ஸ்டீல்ல வால்யூம் பெடலை பாதியில வச்சு கம்பியை தட்டிட்டு, சத்தம் தேய தேய பெடலைத் திறந்துக்கிட்டே போவோம், அதனாலதான் ஒரே சுரம் வயலின் மாதிரி நீண்டு நிக்குது. அந்தத் திறக்கிற கடைசிப் பகுதிக்கு ஆம்ப்புலயும் ஸ்பீக்கர்லயும் பலம் மிச்சம் இருக்கணும், இல்லன்னா சுரம் வாடிப்போயிடும்.

என் ட்வின்ல இருந்தது ரெண்டு 12 இன்ச், முன்னாடி வச்சிருந்தவர் மாட்டின சாதாரண கிட்டார் ஸ்பீக்கர், கெட்ட ஸ்பீக்கர்னு சொல்லமாட்டேன், டெலிகாஸ்டர் மாதிரி சாதா எலெக்ட்ரிக் கிட்டாரை சொருகினா அருமையா இருக்கும். ஆனா ஸ்டீல்ல ஈ9 டியூனிங்ல மூணாவது கம்பி ஜி ஷார்ப், .011 கனம்தான், பத்து கம்பியிலயும் இருக்கிறதுலயே மெல்லிசு அதுதான், சும்மா வச்சாலே 415 ஹெர்ட்ஸ். பதினஞ்சாவது ஃப்ரெட்டுக்கு பாரை கொண்டுபோனா கிட்டத்தட்ட 990 ஹெர்ட்ஸ், அதோட மேல்சுரங்கள் ரெண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம்னு வரிசையா போய் விழும். 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் பெரும்பாலும் ரெண்டாயிரத்துலேர்ந்து நாலாயிரம் வரைக்கும்தான் தூக்கிக் கொடுக்கும், கிட்டார் பேண்டுக்குள்ள அமுங்காம கேக்கணும்னே அப்படி செஞ்சது. ரெண்டும் ஒரே இடத்துல மோதினா என்ன ஆகும், விரல்ல மாட்டியிருக்கிற இரும்பு பிக் கம்பியைத் தொடுற டிக் சத்தம் முதல்ல வருது, பின்னாடி சுரம் ஊசி மாதிரி வருது. ட்ரெபிளை 3க்கு இறக்கிப் பார்த்தேன், அப்ப கீழ்க்கம்பியெல்லாம் போர்வை போத்தின மாதிரி ஆயிடுச்சு. மிட் நாபை முழுக்கத் திருகிப் பார்த்தேன், பிரைட் ஸ்விட்சை ஆஃப் பண்ணேன், கேபிளை மாத்தினேன். ஒரு வருஷம் இப்படியே நாபைத் திருகியே போச்சு.

பேண்ட்ல பேஸ் வாசிக்கிற பெரியவர் எழுபது தாண்டினவர், ஒருநாள் செட் முடிஞ்சு வயரை சுத்திக்கிட்டே, "உங்க கையில தப்பில்ல தம்பி, ஸ்பீக்கர்லதான் இருக்கு, 15 ஒண்ணு போட்டுப் பாருங்க"ன்னார். இங்கிலீஷ்லதான் சொன்னார், ஆனா அவர் சொன்ன விதம் நம்ம ஊர்ல ஒரு அண்ணன் தோள்ல கைபோட்டு சொல்ற மாதிரியே இருந்ததால எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த சைஸ் சமாச்சாரத்தோட பழைய கதையை தேடிப் படிச்சேன். ஃபெண்டர் கம்பெனியே முதல்ல மடியில வச்சு வாசிக்கிற லாப் ஸ்டீலும் அதுக்கு ஆம்ப்பும் செஞ்சுதான் ஆரம்பிச்சது, டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர் எல்லாம் பின்னாடி வந்தது. 1946லயே அவங்க ப்ரொஃபெஷனல்ங்கிற ஆம்ப்புல 15 இன்ச் ஸ்பீக்கர் இருந்தது. 1959ல வைப்ராசானிக்னு ஒண்ணு விட்டாங்க, அதுல ஜேபிஎல் டி130ங்கிற ஸ்பீக்கர், அதுவும் 15. 1972ல வந்த வைப்ரோசானிக் ரிவெர்ப் என்னன்னா, அந்தக் காலத்து ட்வினேதான், ரெண்டு 12க்கு பதிலா ஒரு 15, அவ்வளவுதான் வித்தியாசம்! நான் செய்யப்போறதை கம்பெனியே செஞ்சு வித்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் பெட்டிக்குள்ள இடம் பத்துமான்னு இருந்த பயம் போச்சு. பீவி கம்பெனி ஸ்டீலுக்குன்னே செஞ்ச செஷன் 400, நாஷ்வில் 400 ரெண்டும் 15தான். அப்புறம் அவங்களே நாஷ்வில் 112ன்னு 12 இன்ச்ல சின்னதா ஒண்ணு விட்டாங்க, தூக்க சுலபம்னு நிறைய பேர் அதுக்கு மாறிட்டாங்க. ஆக 15ஆ 12ஆன்னு ரெண்டு கட்சி ரொம்ப நாளா இருக்கு.

நான் வாங்கினது எமினென்ஸ் கம்பெனியோட ஈபிஎஸ்-15சி ஸ்பீக்கர், பெடல் ஸ்டீலுக்காகவே செஞ்சது, 4 ஓம், 300 வாட் தாங்கும். இந்த ஓம் விஷயத்தை மட்டும் கவனமா படிங்க. ட்வின்ல ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலா இணைச்சிருப்பாங்க, சேர்ந்தா 4 ஓம், உள்ள இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த 4 ஓமுக்குத்தான் சுத்தினது. ரெண்டை எடுத்துட்டு ஒண்ணு போடும்போது அந்த ஒண்ணு 4 ஓமா இருக்கணும். கையில கிடைச்ச 8 ஓம் 15ஐ சொருகிட்டு டியூப் ஆம்ப்பை முழு சத்தத்துல ஓட்டாதீங்க. பீவி மாதிரி டிரான்சிஸ்டர் ஆம்ப்புல 8 ஓம் போட்டா வாட் குறையும், வேற கெடுதல் இல்ல, ஆனா குறைச்சலான ஓம் பக்கம் போனாதான் அங்க ஆபத்து. டியூப் ஆம்ப்பை ஸ்பீக்கரே மாட்டாம ஆன் பண்ணி வாசிக்கிறது எல்லாத்தையும் விட மோசம், டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். இன்னொண்ணு, பிளக்கை புடுங்கிட்டாலும் உள்ள கெபாசிட்டர்ல நானூறு வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கும். ஸ்பீக்கர் மாத்த சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கிற உலோகப் பெட்டியை, திறக்க வேண்டிய அவசியமே இல்ல, அதனால அதைத் தொடாம விட்டுடுங்க.

பலகை கதைக்கு வர்றேன், இதுலதான் எனக்கு ஒரு மாசம் போச்சு. ட்வின்ல ஸ்பீக்கரெல்லாம் முன்பக்கம் ஒரு பலகையில பின்னாலேர்ந்து மாட்டியிருக்கும், பேஃபிள்னு சொல்வாங்க, துணியும் அதுலதான் ஒட்டியிருக்கும். என் மாடல்ல அதை ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்துடலாம். பின்னாடி வருஷங்கள்ல வந்த சில்வர்ஃபேஸ்ல பலகையை பெட்டியோட சேர்த்து ஒட்டியே விட்டிருப்பாங்க, உங்களோடது அப்படி இருந்தா தயவுசெஞ்சு அறுக்காதீங்க, அந்தப் பெட்டி இனிமே கிடைக்காது, தனியா ஒரு 15 இன்ச் பெட்டி செஞ்சு வயர் இழுத்துக்கோங்க. நான் பழைய பலகையை துணியோட அப்படியே பத்திரமா எடுத்து வச்சுட்டு, புதுசா ஒண்ணு வெட்டக் கொடுத்தேன். பக்கத்து ஊர்ல மரவேலை செய்யற ஒரு கடை. "15 இன்ச் ஸ்பீக்கருக்கு ஓட்டை"ன்னு வாயால சொன்னேன், பேப்பர்ல அளவு எழுதிக் கொடுக்கல. அவங்க சரியா 15 இன்ச்சுக்கு வட்டம் வெட்டி வச்சுட்டாங்க. 15ங்கிறது ஸ்பீக்கரோட வெளிவிளிம்பு கணக்கு, ஓட்டை 14 இன்ச்சுக்கு கொஞ்சம் உள்ளதான் இருக்கணும், 12 இன்ச் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 11. ஸ்பீக்கரை வச்சுப் பார்த்தா விளிம்பு உக்கார மரமே இல்ல, போல்ட் போட வேண்டிய இடம் காத்துல நிக்குது. பலகையும் கேட்ட பிளைவுட் இல்ல, மரத்தூள் அட்டை, ஓரத்துல நகத்தால கீறினாலே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. திருப்பிக் கேட்டதுக்கு வெட்டின பலகைக்கு காசு தரமாட்டோம்னுட்டாங்க. மனசு வலிச்சுது, ஆனா அளவை எழுதிக் கொடுக்காதது என் பக்கமும்தான்.

ரெண்டாவது தடவை ஸ்பீக்கரையே அட்டைமேல கவுத்து வச்சு பென்சிலால கோடு போட்டு, போல்ட் ஓட்டை எட்டையும் குறிச்சு, 18 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட்ல நண்பர் வீட்டு கராஜ்ல வெட்டினோம். வெட்டறதுக்கு முன்னாடி அந்த அட்டையையே பெட்டிக்குள்ள நிறுத்தி மேல தொங்குற டியூபுக்கும் ஸ்பீக்கர் கூடைக்கும் நடுவுல இடம் இருக்கான்னு பார்த்தேன், ரெண்டு விரல் நுழையற அளவு இருந்துச்சு, போதும். கீழ ரிவெர்ப் டேங்க் பை இருக்கும், எதிரொலி கொடுக்கிற ஸ்பிரிங்கெல்லாம் அதுக்குள்ளதான், 15 போட்டா கூடையோட அடிவிளிம்பு அதுகிட்ட வந்துடும், அதனால பையை நல்லா பின்னாடி தள்ளி வச்சேன். உரசுச்சுன்னா ஸ்பீக்கர் அதிர்ச்சி நேரா ஸ்பிரிங்குக்குப் போய் ஊளையிட ஆரம்பிச்சுடும். கறுப்பு பெயிண்ட், துணி, டி-நட், எட்டு போல்ட், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல முடிஞ்சுது.

சாயங்காலம் வீட்டு ஹால்ல வச்சு ஆன் பண்ணேன். ட்ரெபிள் 5, மிட் 6, பேஸ் 3. மூணாவது கம்பியை பதினஞ்சாவது ஃப்ரெட்ல தட்டி பாரை லேசா ஆட்டினேன். அந்த டிக் இல்ல! சுரம்தான் முதல்ல வந்துச்சு, வட்டமா, நல்லெண்ணெய் ஊத்தின மாதிரி வழுவழுன்னு. அடுப்படியில கடுகு தாளிச்சுக்கிட்டிருந்த என் மனைவி, நான் என்ன மாத்தினேன்னு அவகிட்ட சொல்லவே இல்ல, கரண்டியும் கையுமா வாசல்ல வந்து நின்னு, "ஏங்க, இன்னிக்கு காது குத்தலயே, வேற பொட்டியா இது?"ன்னு கேட்டா. ஒரு வருஷமா கதவை சாத்திக்கிட்டு வாசிக்கச் சொன்னவ, அன்னிக்கு கதவைத் திறந்தே வைக்கச் சொன்னா. எனக்கு அதுக்குமேல வேற ரிவ்யூ வேண்டியிருக்கல.

இப்ப பேஸ் விஷயம். ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரோட கோன், அதாவது முன்னாடி அதிர்ற கூம்பு, அதோட அசையற பரப்பு ஏறக்குறைய 530 சதுர சென்டிமீட்டர், ரெண்டு சேர்ந்தா 1060. ஒரு 15 இன்ச்சுக்கு ஏறக்குறைய 855தான். ஆக ரெண்டை எடுத்துட்டு ஒண்ணு போட்டா நீங்க தள்ளுற காத்து குறையுது, ஏறல. பெரிய சைஸ்னா பெரிய பேஸ்னு நம்பி காசு போட்டவங்க இங்கதான் ஏமாந்து போறாங்க. ஒரு 12ஐ எடுத்துட்டு ஒரு 15 போட்டா கதை வேற, அங்க பரப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறும். எனக்கு நடந்தது என்னன்னா, மேல உச்சி சீக்கிரமா இறங்கிடுச்சு, அதனால நான் ட்ரெபிளையும் மிட்டையும் தைரியமா ஏத்த முடிஞ்சுது, ஏத்தினதால ஆறாவது கம்பியும் எட்டாவது கம்பியும் உடம்போட கேக்குது, கேக்கிறவங்க அதைத்தான் பேஸ்னு சொல்றாங்க. சத்தத்துல கொஞ்சம் நஷ்டம் இருக்கு, ரெண்டு ஸ்பீக்கர் ஒண்ணையொண்ணு தாங்கிக் கொடுக்கிற பலம் போயிடுது. முன்னாடி வால்யூம் 4ல வாசிச்ச ஹாலுக்கு இப்ப நாலரை, அஞ்சு வேண்டியிருக்கு. ட்வின்ல அது பிரச்சனையே இல்ல, சின்ன 20, 30 வாட் ஆம்ப்புல யோசிச்சுக்கோங்க.

முதல் கச்சேரியில ஒரு தடுமாற்றம் வந்துச்சு. வீட்ல அவ்வளவு இனிமையா இருந்தது மேடையில எனக்கே மந்தமா கேட்டுச்சு, ஆனா முன்னாடி ஆடிக்கிட்டிருந்தவங்க பளிச்சுனு இருக்குங்கறாங்க. காரணம், கோன் பெருசாக பெருசாக உச்ச ஒலி விரியாம டார்ச் லைட் மாதிரி குறுகலா நேரா போகும். 15ல அது ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துலயே ஆரம்பிச்சுடும், 12ல அதுக்கு கொஞ்சம் மேல. ஸ்டீல்காரங்க உக்காந்து வாசிக்கிறவங்க, ஆம்ப் முதுகுக்குப் பின்னாடி முழங்கால் உயரத்துல, உச்ச ஒலியெல்லாம் நாற்காலிக்கு அடியில போயிடுது. அதைக் கேக்காம நான் ட்ரெபிளை ஏத்தினா முன்வரிசைக்கு மறுபடி ஊசி. ட்வின்ல பக்கவாட்டுல இருக்கிற சாய்க்கிற கால் ரெண்டையும் விரிச்சு ஆம்ப்பை பின்னால சாய்ச்சு வச்சேன், இப்ப என் காதுக்கு நேரா வருது, நான் கேக்கிறதும் ஜனங்க கேக்கிறதும் ஏறக்குறைய ஒண்ணு. இந்த ஒரு விஷயம் தெரியாம எத்தனை பேர் 15ஐ மந்தம்னு சொல்லி கழட்டிப்போட்டாங்களோ தெரியல.

சைஸ் மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்ணாதுங்கறதையும் சொல்லணும். நண்பர் ஒருத்தர்கிட்ட பழைய ஜேபிஎல் டி130எஃப் இருக்கு, அதுவும் 15 இன்ச்தான், ஆனா கோனை அசைக்கிற கம்பிச்சுருள், வாய்ஸ் காயில்னு சொல்வாங்க, அது 4 இன்ச், பட்டையான அலுமினியக் கம்பி சுத்தினது, நடுவுல அலுமினியக் குமிழி பளபளன்னு. ஒரு வாரம் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன், எமினென்ஸை விட நல்ல வெளிச்சமா இருந்துச்சு, பிக் சத்தம்கூட கொஞ்சம் எட்டிப் பார்த்துச்சு, ஆனா குத்தல, வெள்ளிக்கொலுசு மாதிரி ஒரு கிணுகிணுப்பு. பழைய ரெக்கார்டுல கேக்கிற அந்த மினுமினுப்பு இதுதான்னு அன்னிக்குப் புரிஞ்சுது. அது நல்ல நிலையில கிடைச்சா யோசிக்காம வாங்குங்க, ஆனா ஐம்பது அறுபது வருஷப் பொருள், கோன் மாத்தினதா, ஒரிஜினலான்னு பார்த்து வாங்கணும், பலநாள் தேடணும். புதுசா கேரண்டியோட வேணும்னா எமினென்ஸ்தான் என் ஓட்டு.

யாருக்கு வேண்டாம்னும் சொல்லிடுறேன். ஒரே ஆம்ப்புல ஸ்டீலும் சாதா கிட்டாரும் வாசிக்கிறவங்க 12லயே இருங்க, 15ல டெலிகாஸ்டர் போட்டுப் பார்த்தேன், அந்த வெட்டு போயிடுச்சு. முதுகுவலிக்காரங்க இதுல கனம் குறையும்னு எதிர்பார்க்காதீங்க, ட்வின் ஏறக்குறைய முப்பது கிலோ, ஒரு அரிசி மூட்டையை படி ஏத்துற வேலை, காந்தம் பெருசுங்கறதால இப்பவும் அதே கனம்தான். கனம்தான் பிரச்சனைன்னா நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கரா பாருங்க, இல்ல ஆம்ப்பையே மாத்துங்க. காபி ஷாப், சர்ச் மாதிரி சின்ன இடத்துல மட்டும் வாசிக்கிறவங்களுக்கு ஸ்டீலுக்குன்னு செஞ்ச ஒரு நல்ல 12 போதும், எமினென்ஸ்லயே ஈபிஎஸ்-12சின்னு தம்பி மாடல் இருக்கு. ஆனா ரெண்டு நெக் வச்சு ஈ9 கூட சி6 டியூனிங்கும் வாசிக்கிறவங்க, பத்தாவது கம்பி சி, 65 ஹெர்ட்ஸ், வெஸ்டர்ன் ஸ்விங்ங்கிற டான்ஸ் இசையில கீழ போய் கார்டு போடுறவங்க, கண்ணை மூடிக்கிட்டு 15 போடுங்க, அந்தக் கம்பியை ரெண்டு கிட்டார் 12ல வாசிச்சா கோன் படபடன்னு அடிக்கும், 15ல நிதானமா மூச்சு விடற மாதிரி வரும்.

மார்க் போடணும்னா ஈபிஎஸ்-15சிக்கு 5க்கு நாலரை. அரை மார்க்கை சத்தம் இறங்கினதுக்காக எடுத்துக்கிட்டேன். கழட்டின ரெண்டு 12ம் பழைய பலகையோட பெட்ஷீட்ல சுத்தி அலமாரியில இருக்கு, எட்டு மாசத்துல ஒருதடவைகூட எடுத்துப் பார்க்கல.

மாட்டினவங்க ரெண்டு வாரம் வாசிச்சப்புறம் எட்டு போல்ட்டையும் ஒருதடவை கையால இறுக்கிப் பாருங்க. புது பிளைவுட் அமுங்கும், எனக்கு கீழ ரெண்டு லூஸா இருந்துச்சு, ஒன்பதாவது கம்பியைத் தட்டினா மட்டும் எங்கயோ ஒரு ஜிர்ர்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, டியூபா ஸ்பிரிங்கான்னு மூணு நாள் தேடினேன், கடைசியில போல்ட்தான்.